பணியிட அறிவும் விக்கி மென்பொருளும்: கோவிலம்பாக்கத்தை முன்வைத்து ஒரு தொகுப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பணியிடங்களில் வாய்மொழியாக வழங்கும் தொழிலறிவைத் தமிழிலேயே எழுதி வைப்பதற்குத் திறமூல விக்கி மென்பொருள்கள் எந்த அளவுக்கு உதவும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விக்கியின் செயல்முறைகளான தொகுத்தல், திருத்த வரலாறு, வழிமாற்று ஆகியவை தமிழ்த் தொகை மரபு, சுவடிப் பதிப்பு மரபு, நிகண்டு மரபு ஆகியவற்றோடு ஒப்புநோக்கப்படுகின்றன. தமிழ் எழுத்தின் குறியீட்டு அமைப்பால் பக்கப் பெயரிடல், அகரவரிசை, தேடல் ஆகியவற்றில் எழும் இடர்களும் தீர்வுகளும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்கப்படுகின்றன. சென்னையின் தென்புறநகரான கோவிலம்பாக்கம் எடுத்துக்காட்டுக் களமாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச் சொற்கள்: விக்கி, மீடியாவிக்கி, டோக்குவிக்கி, திறமூலம், தொழிலறிவு, தொகுப்பியல், பாடவேறுபாடு, வழிமாற்று, ஒருங்குறி.

முன்னுரை

பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலையின்மேல் அமைந்த ஊர் கோவிலம்பாக்கம். புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. கீழ்க்கட்டளை ஒருபுறமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மறுபுறமும் அமைய, நடுவில் ஏரிகளையும் வயல்களையும் கொண்டிருந்த இவ்வூர், பழைய மகாபலிபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியபின் அடுக்ககங்களால் நிறைந்தது. அந்நிறுவனங்களில் பணிபுரிவோர் அன்றாடம் விக்கியைப் பயன்படுத்துகின்றனர். மென்பொருள் உருவாக்கத்தில் ஒரு குழு மற்றொரு குழுவுக்குக் கையளிக்கும் குறிப்புகள் விக்கிப் பக்கங்களாகவே இருக்கின்றன. அவை ஆங்கிலத்தில் அமைந்தவை.

அதே ஊரில், அந்த அடுக்ககங்களின் நீரேற்றும் மோட்டாரையும் மின்னாக்கியையும் பழுதுபார்ப்போர் இருக்கின்றனர். எந்த அடுக்ககத்தில் எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருகினால் மேல்தொட்டி நிறையும், எந்த ஆழ்துளைக் கிணற்றில் கோடையில் நீர் எந்த மட்டத்துக்கு இறங்கும், எந்த மோட்டாரின் ஸ்டார்டர் மழைக்காலத்தில் அடிக்கடி விழும் என்பனவெல்லாம் அவர்கள் அறிந்தவை. இவ்வறிவு எங்கும் எழுதப்படுவதில்லை. மூத்த பணியாளர் ஒருவர் வேலையை விட்டு நீங்கும்போது அது அவரோடு நீங்கிவிடுகிறது. அடுத்து வருபவர் அனைத்தையும் முதலிலிருந்து கற்க வேண்டியுள்ளது. அக்கல்விக்குச் செலவாகும் நாள்களில் எரிந்துபோகும் மோட்டார்ச் சுருள்களின் விலையை யாரும் கணக்கிடுவதில்லை.

இவ்விரு பணியிடங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு கருவியைப் பற்றியதன்று. விக்கி மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பழைய மேசைக்கணினி ஒன்றிலும் இயங்கும். வேறுபாடு மொழியிலும், எழுதுவதற்கு உரியவர் யார் என்னும் எண்ணத்திலும் இருக்கிறது. தமிழ்த்துறை ஆய்வு இதழொன்றில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் அதுவே. இனி வரும் பகுதிகளில், இருபது பேர் பணிபுரியும் மோட்டார்ப் பராமரிப்பு நிலையம் ஒன்று எடுத்துக்காட்டாகச் சுட்டப்படும். அது விளக்கத்திற்காகக் கற்பித்துக்கொண்டதே அன்றி, குறிப்பிட்ட எந்த நிறுவனத்தையும் குறிப்பதன்று.

விக்கியின் தோற்றமும் பணியிடமும்

விக்கி என்றால் விக்கிப்பீடியா என்று கொள்வது பொதுவழக்கு. வரலாற்று முறைமை இதற்கு மாறானது. வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச்சு 25ஆம் நாள் வெளியிட்ட ‘விக்கிவிக்கிவெப்’ என்பதே முதல் விக்கி. நிரலாளர்கள் தம் தொழிலில் கண்டறிந்த வடிவமைப்பு முறைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளவே அது உருவாக்கப்பட்டது. ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்பது விரைவைக் குறிக்கும். ஹொனலுலு விமான நிலையப் பேருந்தொன்றின் பெயரிலிருந்து அவர் அச்சொல்லை எடுத்துக்கொண்டார். ஆகவே விக்கி பிறந்தது தொழில் செய்வோரின் கையேடாக. கலைக்களஞ்சியமாக மாறியது ஆறாண்டுகளுக்குப் பின்னர், 2001இல்.

விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட நிரல் 2002இல் இருமுறை புதுக்கப்பட்டு, 2003இல் ‘மீடியாவிக்கி’ என்னும் பெயர் பெற்றது. குனூ பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுவதால் எவரும் அதை நிறுவலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் முன்னோடியான இ. மயூரநாதன் கட்டடக்கலைஞர் என்பதும், முழுநேரப் பணிக்கிடையே அவர் இதைச் செய்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கன.

அலுவலகப் பயன்பாட்டுக்கென்றே எழுந்த விக்கிகளும் உள்ளன. பீட்டர் தோனி 1998இல் தொடங்கிய ‘டிவிக்கி’ நிறுவன உள்வலைகளில் பரவியது. ஆண்டிரியாஸ் கோர் 2004இல் உருவாக்கிய ‘டோக்குவிக்கி’ சிறு நிறுவனங்களையும் பணிக்குழுக்களையும் இலக்காகக் கொண்டது. அமெரிக்க உளவு அமைப்புகள் தமக்குள் பயன்படுத்தும் ‘இன்டெலிப்பீடியா’ மீடியாவிக்கியில் இயங்குவது. 2006இல் பொதுவெளியில் அறியப்பட்டது. மறைபொருளைக் காப்பதே தொழிலாகக் கொண்டோரும் அனைவரும் எழுதும் ஏட்டை நாடினர் என்பது சற்று வியப்பளிப்பதே.

டிவிக்கியின் வரலாறு திறமூல உரிமத்தின் பொருளை உணர்த்த வல்லது. அம்மென்பொருளைச் சார்ந்து எழுந்த வணிக நிறுவனத்துக்கும் பங்களிப்பாளர்களுக்கும் இடையே 2008இல் வேறுபாடு முற்றியபோது, பங்களிப்பாளர் பலர் நிரலின் படியை எடுத்துக்கொண்டு ‘ஃபாஸ்விக்கி’ என்னும் பெயரில் தனியே பிரிந்தனர். பயன்படுத்திய நிறுவனங்கள் தம் பக்கங்களை இழக்கவில்லை. மூடிய மென்பொருளில் இத்தகைய பிணக்கு எழுந்தால், வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் முடிவுக்குக் காத்திருப்பது போலக் காத்திருக்க நேரும்.

தமிழ்ச் சூழலில் விக்கி மென்பொருள் ஒரு நிறுவனத்தின் பணிக்கருவியாக நின்றதற்குச் சிறந்த சான்று ஈழத்தில் உள்ளது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பின் நினைவு நீங்காத சமூகத்தில் 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம், தன் ஆவணப் பட்டியலை மீடியாவிக்கியில் அமைத்தது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண், ஒரு பக்கம். ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், ஆண்டு ஆகியவற்றை ஏந்தும் வார்ப்புரு. அவற்றை இணைக்கும் பகுப்புகள். நூலகவியல் தனி மென்பொருளை வேண்டும் என்று கருதப்பட்ட வேலையைப் பொதுவான விக்கியே செய்தது. கலைக்களஞ்சியம் எழுதுவது மட்டுமே விக்கியின் பயன் என்னும் கருத்துக்கு இது போதிய மறுப்பாகும்.

தொகுத்தவரும் தொகுப்பித்தவரும்

தமிழ் விக்கி இடைமுகத்தில் ஆங்கிலத்தின் ‘எடிட்’ என்னும் சொல்லுக்கு ‘தொகு’ என்பது வழங்குகிறது. ‘திருத்து’, ‘பதிப்பி’ ஆகியவை இருக்க இச்சொல் நிலைபெற்றது ஆராயத்தக்கது. திருத்துதல் பிழை இருப்பதை முன்கொள்வது. பதிப்பித்தல் பணி முடிந்ததைக் குறிப்பது. தொகுத்தலோ பலர் கூறியவற்றை ஓரிடத்தில் சேர்ப்பது. மேலும் சேர்ப்பதற்கு இடம் வைப்பது. மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் சற்று விலகியதாகத் தோன்றும் இச்சொல், செயலைப் பார்த்தால் மூலச்சொல்லைக் காட்டிலும் பொருந்துவது என்பது கட்டுரையாளரின் கருத்து.

எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றின் இறுதிக் குறிப்புகள் தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் பிரித்துரைக்கின்றன. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நற்றிணைக்குத் தொகுப்பித்தவன் பெயர் கிடைக்கிறது. தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை. குறுந்தொகைக்குத் தொகுத்தவன் பெயர் மட்டும் உண்டு. பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்னும் மூன்று நிலைகளும் ஒன்றோடொன்று கலவாமல் காக்கப்பட்டன.

பணியிட விக்கியும் இம்மூன்று நிலைகளைக் கொண்டதே. மோட்டார்ப் பராமரிப்பு நிலையத்தில் அறிவுக்கு உரியவர் பழுதுபார்ப்பவர். அதைப் பக்கமாக ஆக்குபவர் அலுவலகத்தில் கணினி அறிந்த ஒருவராக இருக்கக்கூடும். அதற்கு நேரமும் ஊதியமும் ஒதுக்குபவர் உரிமையாளர். விக்கி மென்பொருள் இரண்டாமவரின் பெயரை மட்டுமே இயல்பாகப் பதிவுசெய்கிறது. பொத்தானை அழுத்தியவரே வரலாற்றில் நிற்பார், சொன்னவர் நிற்கமாட்டார். இது சிறிய குறை அன்று. தன் அறிவு பிறர் பெயரில் ஏறுவதைக் கண்ட பணியாளர் அடுத்த முறை வாய்திறக்கத் தயங்குவார்.

இதற்குத் தீர்வு எளியது. சேமிக்கும்போது நிரப்பப்படும் ‘தொகுப்புச் சுருக்கம்’ என்னும் சிறு கட்டத்தில் ‘சொன்னவர்’ என்று தொடங்கிப் பெயரை எழுதும் வழக்கத்தைக் கட்டாயமாக்கலாம். அல்லது பக்கத்தின் தலையில் நிற்கும் வார்ப்புருவில் ‘சொன்னவர், எழுதியவர், சரிபார்த்தவர்’ என மூன்று இடங்களை வைக்கலாம். மூன்றாவது இடத்தின் தேவையை விக்கிமூலத்தின் நடைமுறை காட்டுகிறது. அங்கு வருடிய நூலின் ஒவ்வொரு பக்கமும் நிறத்தால் குறிக்கப்படுகிறது. மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள். மற்றொருவரும் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாதவாறு மென்பொருள் தடுக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்கள் பல இம்முறையில் விக்கிமூலத்தில் செப்பமுற்று வருகின்றன. உயர்மின்னழுத்தத்தில் கைவைக்கும் தொழிலில், இரண்டாம் கண் பார்க்காத குறிப்பு அச்சுப்பிழையோடு நின்றுவிடாது.

திருத்த வரலாறும் பாடவேறுபாடும்

விக்கியை ஏனைய சொற்செயலிகளிலிருந்து வேறுபடுத்துவது அதன் வரலாற்றுப் பக்கம். ஒவ்வொரு சேமிப்பும் தனிப் பதிப்பாக நாள், நேரம், பெயர் ஆகியவற்றோடு நிற்கிறது. இரு பதிப்புகளை அருகருகே வைத்து, சேர்ந்தது எது, நீங்கியது எது என்று காணலாம்.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்கு இது புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலம் தொட்டு, பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறிப்பது தமிழ்ப் பதிப்பியலில் வேரூன்றியது. எனினும் இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. சுவடியில் வேறுபாடு கிடைக்கும். அது எப்போது, யாரால், ஏன் நேர்ந்தது என்பது கிடைக்காது. ஏடெழுதுவோரின் கைப்பிழையா, ஆசிரியரின் வேறு பாடமா, இடைச்செருகலா என்பதைப் பதிப்பாசிரியர் தம் புலமையால் உய்த்துணர வேண்டும். விக்கியில் முன்னிரண்டும் மென்பொருளாலேயே கிடைக்கின்றன. ‘ஏன்’ என்பது மட்டும் எழுதுவோரின் நேர்மையைப் பொறுத்தது. தொகுப்புச் சுருக்கத்தை வெறுமையாக விடும் பணியிடம், பெயரும் நாளும் அறிந்தும் காரணம் அறியாத சுவடிக் குவியலைத்தான் சேர்க்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ‘மோட்டார் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓடலாம்’ என்று பக்கத்தில் இருந்தது ‘ஒரு மணி நேரம்’ என மாற்றப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மாற்றியவர் கோடையில் நீர்மட்டம் இறங்கியதைக் கருதி மாற்றினாரா, புதிய மோட்டார் பொருத்தப்பட்டதால் மாற்றினாரா, அல்லது தட்டச்சின்போது தவறினாரா? மூன்றில் எது என்பதைப் பொறுத்து மழைக்காலத்தில் அந்த வரியை மீண்டும் மாற்றுவதா வேண்டாமா என்பது முடிவாகும். காரணம் எழுதப்படாதபோது, பின்வருபவர் அதைத் தொட அஞ்சுவார். தொட அஞ்சும் பக்கங்கள் பெருகிய விக்கி சில ஆண்டுகளில் யாரும் நம்பாத விக்கியாகும். பணியிட விக்கிகள் கைவிடப்படுவதற்கு மென்பொருள் பழுதைக் காட்டிலும் இதுவே பெரிய காரணமாக இருக்கக்கூடும்.

தமிழ் எழுத்தும் பக்கப் பெயரும்

விக்கியில் பக்கத்தின் பெயரே அதன் முகவரி. இங்கு தமிழுக்கே உரிய இடர்கள் சில எழுகின்றன. நிறுவும்போது இவற்றைக் கருதாவிடில் பின்னர் சரிசெய்வது கடினம் என்பதால் சற்று விரிவாக நோக்குவோம்.

‘கோவிலம்பாக்கம்’ என்னும் பெயர் தமிழ் இலக்கணப்படி எட்டு எழுத்து. ஒருங்குறியில் அது 14 குறியீடுகளாகும். உயிர்மெய்யில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியீடு, புள்ளிக்கு ஒரு குறியீடு என்பதால் இப்பெருக்கம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு. ஆகவே 42 பைட்டு. இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய மூன்று உருக்களாக எழுதப்படும்போது 126 உருக்கள். எட்டு எழுத்து ஊர்ப்பெயரை மின்னஞ்சலில் ஒட்டினால் இரண்டு வரி பொருளற்ற குறிகள் வருவதன் காரணம் இதுதான்.

மீடியாவிக்கியில் பக்கப் பெயருக்கு 255 பைட்டு வரம்பு. தமிழில் 85 குறியீடுகள் வரை அமைக்கலாம். இது பெரும்பாலும் போதும். டோக்குவிக்கியில் நிலைமை வேறு. அது தரவுத்தளத்தை நாடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் தனி உரைக்கோப்பாகச் சேமிக்கிறது. பராமரிக்க எளிது, கோப்புறையைப் படியெடுத்தாலே காப்பு நகல் ஆகிவிடும். ஆயின், அதன் இயல்பு அமைப்பில் கோப்பின் பெயர் விழுக்காட்டுக் குறியீடாகவே எழுதப்படுகிறது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது பைட்டு. லினக்சின் வழக்கமான கோப்பமைப்பு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுக்கு மேல் இடம் தருவதில்லை. ‘மோட்டார் ஓடாதபோது பார்க்க வேண்டியவை’ என்று ஒரு பக்கம் தொடங்குவோம். எழுத்துகள் 18, குறியீடுகள் 32. இவற்றுக்கு 288 பைட்டு. அடிக்கோடுகளும் கோப்பின் பின்னொட்டும் வேறு. கோப்பு உருவாகாது. பணியாளர் எழுதியதைச் சேமிக்க முயன்று தோற்பார். காரணம் தம் அறியாமை என்றே எண்ணுவார். முதல் நாளில் இவ்வாறு தோற்றவர் இரண்டாம் நாள் வருவது அரிது.

தீர்வு அமைப்புக் கோப்பில் ஒரே வரி. கோப்புப் பெயர்க் குறியீட்டை யூடிஎஃப்-8 என மாற்றினால் மேற்கண்ட பெயர் நூறு பைட்டளவில் அடங்கும். தமிழ்ப் பக்கங்கள் உருவாகும் முன்னரே இதைச் செய்தல் வேண்டும்; பின்னர் மாற்றினால் பழைய கோப்புகளின் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கும். இத்தகைய செய்தி தமிழ்க் கையேடுகளில் முதற்பக்கத்தில் இடம்பெறத் தக்கது.

தோற்றத்தில் ஒன்றாகவும் குறியீட்டில் வேறாகவும் அமையும் எழுத்துகள் இன்னோர் இடர். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். இரட்டைச் சுழி கொண்ட ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். மீடியாவிக்கி இவற்றைத் தானே ஒருங்காக்கிவிடும். ஆயின் ‘ஔ’ என்பதற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிட்டால் எந்த மென்பொருளும் அதைத் திருத்தாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் உள்ள ஆவணங்களை விக்கியில் அப்படியே ஒட்டினால் உரோமன் எழுத்துக் குவியலே மிஞ்சும். அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

அகரவரிசையும் கவனத்துக்கு உரியது. ஒருங்குறிப் பட்டியலில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கில் அவ்விரண்டும் இறுதியில் வருவன. குறியீட்டு எண்படி வரிசைப்படுத்தும் மென்பொருளில் பகுப்புப் பட்டியல்கள் நெடுங்கணக்கோடு முரணும். மீடியாவிக்கியில் தமிழுக்குரிய வரிசை ஒப்பீட்டைத் தேர்ந்து இதைச் சரிசெய்யலாம். இயல்புநிலையில் அது அமைவதில்லை.

தேடலில் வேற்றுமையுருபு இடர்தரும். ‘கிணறு’ என்று தேடுபவர்க்குக் ‘கிணற்றில்’ என்று எழுதிய பக்கம் கிட்டாது போகலாம். சொல்லின் மாறாத பகுதியை மட்டும் எழுதி உடுக்குறி இட்டுத் தேடும் பழக்கம் ஓரளவு உதவும். ‘கிணற’ என்பதோடு உடுக்குறியை இட்டால் எழுவாயும் உருபேற்ற வடிவும் ஒருசேரக் கிடைக்கும். ‘கோவிலம்பாக்க’ என்று தேடினால் மகரமெய்யில் முடிவதும் அத்துச்சாரியை பெற்றதும் அகப்படும். சொல்லின் பகுதி, விகுதி, சாரியை பற்றிய பள்ளி இலக்கணம் கணினித் தேடலில் இவ்வளவு நேரடியாகப் பயன்படுவதை இலக்கண ஆசிரியர்கள் வகுப்பில் காட்டலாம்.

வழக்குச்சொல்லும் வழிமாற்றும்

பணியிட விக்கியைத் தமிழில் அமைக்க முனைவோர் முதலில் எழுப்பும் வினா கலைச்சொல் பற்றியது. ‘ஸ்டார்டர்’ என்பதா, ‘தொடக்கி’ என்பதா? ‘ஃபுட் வால்வு’ என்பதா, ‘அடிவால்வு’ என்பதா? 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப்பின் அரசு அலுவலகங்களில் ஆட்சிச் சொற்கள் வளர்ந்தன. பட்டறைக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் எட்டவில்லை. அங்கு வழங்குவது ஆங்கிலச் சொல்லின் தமிழ் ஒலிப்பே. தூயசொல்லில் எழுதினால் பணியாளர்க்கு விளங்காது. வழக்குச்சொல்லில் எழுதினால் தமிழ் வளராது என்று இருபக்கமும் வாதிடுவர்.

விக்கி இவ்வாதத்துக்கு நடுவில் ஒரு கருவியை வைக்கிறது. ‘வழிமாற்று’ என்னும் அமைப்பால் ஒரு பொருளின் எல்லாப் பெயர்களும் ஒரே பக்கத்துக்கு இட்டுச் செல்லும். பக்கத்தின் பெயர் ‘ஸ்டார்டர்’ என்று இருக்கட்டும். ‘தொடக்கி’ என்று தேடுபவரும் அங்கேயே வந்து சேர்வார். ‘கோயிலம்பாக்கம்’ என்று எழுதுபவர் ‘கோவிலம்பாக்கம்’ பக்கத்தை அடைவார். ஒரு பொருட்குப் பல பெயர்களைத் திரட்டித் தந்த திவாகரமும் பிங்கலமும் செய்த வேலைக்கு இது நெருக்கமானது. நிகண்டு இன்ன சொல் உயர்ந்தது, இன்ன சொல் தாழ்ந்தது என்று கூறுவதில்லை. இவையெல்லாம் ஒரு பொருளைக் குறிப்பன என்றே கூறும்.

பக்கத்துக்குத் தலைப்பாவது பணியாளர் வாயில் வழங்கும் சொல்லாகவே இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. இடருற்ற நேரத்தில், கையில் எண்ணெயோடு, கைப்பேசித் திரையில் தேடுபவர் தாம் அறிந்த சொல்லையே இடுவார். தமிழ்ச்சொல் முதல்வரியில் உடன்நிற்கட்டும். நாள்தோறும் கண்ணில் படும் சொல் நாளடைவில் நாவில் ஏறக்கூடும். ஏறாவிடினும் மோட்டார் ஓடும்.

உரைநடை பற்றியும் இதே அளவுகோல் பொருந்தும். ‘ஏர் பிடிச்சுக்கிட்டா’ என்று சொல்லப்படுவதை ‘குழாயில் காற்று அடைத்துக்கொண்டால்’ என்று எழுதலாம். ‘வளிமத் தடையேற்படுங்கால்’ என்று எழுதினால், எழுதியவரே அடுத்த ஆண்டு விழிக்க நேரும்.

மூத்தோர் எழுத்தைத் திருத்துதல்

எவரும் எவர் எழுத்தையும் திருத்தலாம் என்பது விக்கியின் அடிப்படை. நம் பணியிடங்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ளவரை ‘அண்ணே’ என்று விளிக்கும் இளையவர், அவர் பெயரில் நிற்கும் வரியை நீக்குவதை மரியாதைக் குறைவாகவே உணர்வார். வரலாற்றுப் பக்கம் அந்நீக்கத்தை நாளிட்டுப் பலரறியக் காட்டும் என்பதால் தயக்கம் இரட்டிக்கிறது. நேரில் என்றால் தேநீர்க் கடையில் தனியே சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இணையாக மீடியாவிக்கி தரும் ‘பேச்சு’ப் பக்கம் இங்கு பயன்படும். ‘அண்ணே, போன வாரம் போனபோது அந்த வால்வு மாற்றியிருந்தார்கள், இந்த வரியை மாற்றலாமா?’ என்று இளையவர் அங்கு கேட்கலாம். மூத்தவர் தாமே பக்கத்தைத் திருத்துவார். அல்லது ‘மாற்றிவிடு’ என்பார். திருத்தம் நிகழ்கிறது, முறைமையும் கெடவில்லை. தமிழ் விக்கிப்பீடியா பொது உரையாடல் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டிருப்பது வெறும் அழகுக்காக அன்று. முடிவெடுக்கும் முன் பேசும் இடம் தனியே வேண்டும் என்னும் ஊர்வழக்கை அப்பெயர் ஏந்தி நிற்கிறது.

எழுதத் தெரியாமை வேறு. எழுதக் கூசுதல் வேறு. தட்டச்சு அறியாதவர்க்குக் கைப்பேசியின் குரல்வழி உள்ளீடு உதவும். ‘நான் எழுதினால் பிழை வரும்’ என்று கூசுபவர்க்கு மென்பொருள் உதவாது. அவர் எழுதிய பக்கத்தில் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திவிட்டுச் செய்தியைப் பாராது செல்லும் படித்த பணியாளர் ஒருவர் போதும், அவர் கையைக் கட்டிவிட. முதல் ஓராண்டுக்கு எழுத்துப்பிழைத் திருத்தத்தை நிறுத்தி வைக்குமாறு தமிழாசிரியர் ஒருவரே பரிந்துரைப்பது முறையன்று எனத் தோன்றலாம். ஆயினும் பரிந்துரைக்கிறேன்.

மறவாமையின் இடர்

எதையும் மறவாத ஏட்டில் மறக்கப்பட வேண்டியவையும் தங்கும். அடுக்ககக் காவலரின் கைப்பேசி எண், வீட்டு உரிமையாளர் வெளியூர் செல்லும் நாள், மின்னறையின் பூட்டு எண் ஆகியவற்றைப் பணியாளர் உதவியாக எண்ணியே எழுதுவர். பின்னர் ஒருவர் நீக்கினாலும் பழைய பதிப்பில் அவை நிற்கும். நிர்வாகி தனிப்பட்ட பதிப்பை மறைக்கும் வசதி மீடியாவிக்கியில் உண்டு. அதை வேண்டுமென்றே பயன்படுத்த வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், இதனைப் பழக்கவழக்கக் குறையாக மட்டும் கருத இயலாது.

மென்பொருள் தேர்வும் இதனோடு தொடர்புடையது. மீடியாவிக்கி திறந்த வாசிப்புக்கென வடிவமைக்கப்பட்டது. சில பக்கங்களைச் சிலர் மட்டும் படிக்கும்படி அடைப்பதில் அது நம்பத்தக்கதன்று என்பதை அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. டோக்குவிக்கியில் யார் எதைப் படிக்கலாம், யார் எதைத் தொகுக்கலாம் என்னும் பட்டியல் உள்ளமைந்தது. வாடிக்கையாளர் செய்தி கலந்து வரும் சிறு நிலையத்துக்கு டோக்குவிக்கியே ஏற்றது. நூலகம் போன்று ஆயிரக்கணக்கான பக்கங்களை வார்ப்புருவாலும் பகுப்பாலும் ஆளும் பணிக்கு மீடியாவிக்கி. மீடியாவிக்கியைத் தேர்வோர் மூன்றாண்டுகள் ஆதரவுபெறும் நீண்டகாலப் பதிப்பை நிறுவுதல் நன்று. ஆண்டுக்கிருமுறை மேம்படுத்தச் சிறு நிலையங்களில் ஆள் இருப்பதில்லை.

இறுதியாக, கணினி எங்கே வைக்கப்படுகிறது என்பது. 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் பல நீரில் மூழ்கின. 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சுற்றுப்புறம் மீண்டும் நீரில் நின்றது. சதுப்புநிலத்தை ஒட்டிய ஊர்களில் தரைத்தளக் கடையின் மூலையில், மேசைக்கடியில் வைத்த கணினி முதலில் நனையும். மோட்டார்கள் மிகுதியாகப் பழுதாவதும், பழுதுபார்ப்போர்க்கு அக்குறிப்புகள் மிகுதியாகத் தேவைப்படுவதும் அந்த வாரத்தில்தான். டோக்குவிக்கியின் பக்கங்கள் வெறும் உரைக்கோப்புகள் ஆதலால், முழுக் கோப்புறையையும் விரல்நகம் அளவான நினைவட்டையில் படியெடுத்து நாள்தோறும் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். எவ்வட்டையை யார் கொண்டுசெல்வார், அவர் வராத நாளில் யார் என்பதையும் விக்கியில் ஒரு பக்கமாக எழுதி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தாளில் அச்சிட்டுச் சுவரில் உயரமாக ஒட்டிவைத்தல் வேண்டும்.